அத்தை கல்லறையில் வெள்ளை வேளை

அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் வீட்டுப் பால்கனிக்குச் சுண்ணாம்பு வாளியும், பழைய பிரஷ்ஷும், களைக்கொத்தியும், ஒரு சாக்குப் பையும் வந்து சேரும். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். மற்றவர்கள் தீபாவளிக்கு வீட்டை ஒட்டடை அடிப்பது போல, சாந்தோமில் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த குடும்பங்கள் அந்த வாரத்தில் தங்கள் தங்கள் கல்லறையைச் சுத்தம் செய்வோம். மழை தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருக்கும். போன வருஷம் மழமழவென்று விட்டுவந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் களை நிற்கும். அடையாற்றுக் காற்றும் அந்த மண்ணும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா, எதை விதைக்காமல் விட்டாலும் அது முளைக்கும்.

எங்களுடையது என் மாமியாரின் கல்லறை. நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் போய் வருஷங்கள் பல ஆகின்றன. அவருடைய ஒரே மகன் என் கணவர், பையன்கள் பள்ளி ஒன்றில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் பெண்கள் பள்ளியில் கணக்கு. என் வகுப்பில் படித்த பெண்களைக் கேட்டால் ஒன்றே ஒன்றைச் சொல்வார்கள்: டீச்சர் ஒரு கணக்கை இரண்டாம் தடவை சொல்லித்தர மாட்டாங்க. உண்மைதான். முதல் தடவை காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அது வீட்டிலும் அப்படித்தான். கணவர் எதையாவது "என்ன சொன்னே?" என்று கேட்டால் "சொன்னது சொன்னதுதான்" என்று அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அவருக்கு அப்படி ஒரு மூக்கு. வாசலில் நின்றுகொண்டே இன்றைக்கு ரசத்தில் மிளகு தூக்கல் என்பார். மழை பட்டினப்பாக்கத்தில் பெய்கிறதா, பெசன்ட் நகரில் பெய்கிறதா என்று காற்றை இழுத்துப் பார்த்துச் சொல்வார். பாதி நாள் சரியாகவும் இருக்கும். செடிகளைப் பொறுத்தவரை மூக்குதான் அவருக்குக் கண். ஒரு இலையைக் கிள்ளி, கட்டைவிரலால் நசுக்கி, மூக்குக்குக் கீழே ஒரே ஒரு இழுப்பு. பெயர் வந்துவிடும்.

இதில் வேளைச் செடிக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்யாணமாகிச் சாந்தோமுக்கு வந்த புதிதில், ஒரு நாள் அத்தை என்னைக் கூப்பிட்டு, "பள்ளிக்கூடக் காம்பவுண்டுக்குப் பின்னால நிறைய கெடக்கும்மா, ஒரு கை வேளைக்கீரை பறிச்சிட்டு வா" என்றார். வேளைக்கீரையைப் புளி விட்டுக் கடைந்தால் அத்தைக்கு வேறெதுவும் வேண்டாம். நானும் போனேன். நான்கு இதழோடு மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது, அழகாக வேறு இருந்தது. மடி நிறையப் பறித்துக்கொண்டு வந்தேன். நான் படியேறுவதற்கு முன்னாலேயே அத்தை வாசலுக்கு ஓடிவந்துவிட்டார். "ஐயையோ, இது நாய்வேளைடி! உள்ள கொண்டாராத, உள்ள கொண்டாராத!" பறித்ததெல்லாம் தெருவுக்குப் போயிற்று. இரண்டு தடவை சீயக்காய் போட்டுக் கை கழுவியும் பிசுக்கும் போகவில்லை, நாற்றமும் போகவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நின்ற எல்லோரிடமும், "என் மருமக கணக்குல புலி, கீரையில பூஜ்யம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலமே என் கணவர் என்னைக் கடற்கரைப் பக்கம் காலி மனைக்கு அழைத்துப் போனார். ஒரு கையில் வெள்ளைப் பூ, ஒரு கையில் மஞ்சள் பூ. வெள்ளைதான் நல்வேளை. விரித்த கை மாதிரி ஒரு காம்பில் ஐந்து இலை இருக்கும், பூவிலிருந்து ஊதா நிறத்தில் நீள நீளமாக மீசை நீட்டிக்கொண்டிருக்கும். மஞ்சள், நாய்வேளை. தொட்டால் கை ஒட்டும், காய் விறைப்பாக மேலே பார்த்து நிற்கும். இரண்டும் சொந்தக்காரச் செடிகள்தான், கடுகுக்கும் தூரத்து உறவு என்றார். "பூத்துட்டா யார் வேணாலும் சொல்லலாம். பூக்கறதுக்கு முன்னால சொல்லணும், அதுதான் வித்தை" என்றார். முளைத்த புதிதில் எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று இலைதானாம், கொஞ்சம் பிசுபிசுப்பும் எல்லாவற்றிலும் இருக்குமாம், மூக்குதான் கதி என்றார். நான் இலையையா பார்த்தேன்? புதுக் கணவர் தன் கையில் இருந்த செடியை மறந்து என்னைப் பார்த்த பார்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பிடித்தது ஞாயிற்றுக்கிழமை நடை. முதல் பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவோம். சில வாரம் அடையாற்றுக் கரை, சில வாரம் பஸ் பிடித்துத் திருவான்மியூர், அப்போதெல்லாம் அங்கே வீட்டைவிட வெறும் மனைகள்தான் அதிகம். அவர் குனிந்து குனிந்து முகர்வார், நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ரொம்ப வருஷம் கழித்து மூன்றாவதாக ஒன்று ஊருக்குள் வந்தது, ஊதாப் பூ வேளை. தேனாம்பேட்டை பஸ் நிறுத்தத்தில், நடைபாதை விரிசலில் அதை முதல்முதலாகப் பார்த்துவிட்டு, "ஏய், இங்க பாரு, புது ஆளு!" என்று கத்தினார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் யாரோ நடிகர் வந்துவிட்டார் என்று திரும்பிப் பார்த்தார்கள். மானம் போயிற்று. இந்த மூன்றையும் முகர்ந்து பிரிக்க நான் கற்றுக்கொள்ளவே இல்லை. எதற்குக் கற்க வேண்டும், அவர்தான் பக்கத்திலேயே இருக்கிறாரே.

அத்தை இறந்த மறு வருஷம், கல்லறையில் சிலுவைக்குக் கீழே ஒரு வெள்ளை வேளை தானாக முளைத்திருந்தது. நட்டவர் யாருமில்லை. இவர் அதைப் பார்த்ததும் களைக்கொத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "அம்மாவுக்கு எது பிடிக்கும்னு மண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு" என்றார். பாடம் எடுக்கும்போது இப்படியெல்லாம் பேசக்கூடிய ஆள் இல்லை அவர். அன்றிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு அக்டோபரும் மற்ற எல்லாக் களையையும் பிடுங்குவோம், வெள்ளை வேளைக் கன்றை மட்டும் விட்டுவிடுவோம். கன்றுகள் பூத்திருக்காது, விரல் உயரம்தான் இருக்கும். அவர் ஒவ்வொன்றாகக் கிள்ளி முகர்ந்து, "நாய்... நாய்... ஊதா... இதை விடு, இது அம்மாவோடது" என்று சொல்லிக்கொண்டே போவார். நான் பிடுங்கியதைச் சாக்கில் போடுவேன்.

அந்தக் கல்லறைத் தோட்டத்தில் அந்த வாரம் முழுக்க மண்வெட்டியோடு வேலைக்கு நிற்கும் ஒரு பெண்மணி உண்டு. ஆற்றோரத்தில் குடிசை இருந்த காலத்திலிருந்து தெரியும். இப்போது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள், இருந்தாலும் இந்த வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்துவிடும். எங்களைப் பார்த்தால் அதற்கு ஒரே சிரிப்பு. "இன்னா சார், செடிய மோந்துகினு கீறே? எல்லாம் ஒரே புல்லுதான். குடு, ஒரே இழுப்புல வழிச்சுட்டுப் போறேன்." இவர் கையெடுத்துக் கும்பிட்டு, "உனக்கு வேணும்னா டீ வாங்கித் தரேன், என் கல்லறைப் பக்கம் மட்டும் வராதே தாயி" என்பார்.

அப்புறம் கொரோனா வந்தது. முதல் அலையில் தப்பித்தோம், இரண்டாவதில் மாட்டினோம். எனக்கு நாலு நாள் ஜுரம், போயிற்று. அவருக்கும் ஜுரம் போயிற்று, கூடவே மூக்கும் போயிற்று. எல்லோருக்கும் போகிறது, ஒரு மாதத்தில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். மாதங்கள் போயின. காபியைக் கொடுத்தால் வெந்நீர் குடிப்பது போலக் குடிப்பார். பால் தீய்ந்து வீடே புகைந்தாலும் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை நடை தானாக நின்றுவிட்டது. "கால் வலிக்குது" என்பார். கால் வலியா அது? எனக்குத் தெரியாதா?

அந்த அக்டோபரில் வழக்கம்போலக் கல்லறைக்குப் போனோம். நான் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து ஒரு இலையைக் கிள்ளினார், நசுக்கினார், பழக்கத்தில் மூக்குக்குக் கொண்டுபோனார். அப்படியே நின்றார். இன்னொரு தடவை இழுத்தார். அடுத்த செடி. அதற்கடுத்த செடி. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று சுண்ணாம்பைக் கலக்குவது போல வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் இலைமேல் இருந்த பூனைமுடியைத் தடவி, காம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிடுங்க ஆரம்பித்தார். நாலைந்து கன்றுகளை மட்டும் விட்டார். "இதெல்லாம் அம்மாவோடதா?" என்றேன். "ஆமா ஆமா" என்றார். ரொம்ப அவசரமாகச் சொன்னார்.

நவம்பர் பாதியில் ஒரு ஞாயிறு பார்க்கப் போனோம். விட்டுவைத்த கன்றுகள் எல்லாம் பூத்திருந்தன. எல்லாமே மஞ்சள். அத்தையின் தலைமாட்டில் நாய்வேளை காடாக நின்றது, பத்தடி தூரத்திலேயே எனக்கு நாற்றம் அடித்தது. அவருக்கு அதுவும் அடிக்கவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பக்கத்துக் கல்லறை விளிம்பில் உட்கார்ந்து முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். "மூக்கு போனா போகட்டும்மா. அம்மாவ நானே பிடுங்கிப் போட்டுட்டேனே" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அத்தையின் சாவன்று ஒரு தடவை, அப்புறம் இது.

எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும். "செடிக்கா பஞ்சம்? திருவான்மியூர்ல கேக்க ஆளில்லாம கெடக்கு, நாலு பிடுங்கிட்டு வந்து நட்டா போச்சு" என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டினார். "அது திருவான்மியூர் செடி. இது அம்மா மேல தானா வந்தது." கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் நான் வரல. அந்தப் பொம்பளகிட்டச் சொல்லி எல்லாத்தையும் வழிச்சுடு. சுத்தமா இருக்கட்டும்" என்றார்.

எல்லாவற்றையும் வழித்தால் தீர்ந்தது. முந்தின வருஷங்களில் உதிர்ந்த வெள்ளை வேளை விதை மண்ணுக்குள் மிச்சம் இருந்து அடுத்த மழைக்கு ஒன்றிரண்டு முளைத்தாலும் அதுவும் சேர்ந்து சாக்குக்குள் போய்விடும். கன்றாக இருக்கும்போதே யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் வேலை செய்யும் மூக்கு என்று ஒன்று இருந்தால் அது என்னுடையதுதான், அதுவோ கீரையில் பூஜ்யம் வாங்கிய மூக்கு. இருக்கட்டும், பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

முதலில் பூத்த செடிகளைத் தேடினேன். பூ இருந்தால் எது எது என்று தெரியும், அதன் இலையை முகர்ந்து மனதில் ஏற்றிக்கொள்ளலாம் அல்லவா. தி.நகரில் புடவைக்கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் சுவரோரம் நின்ற நாய்வேளையைக் கிள்ளி முகர்ந்துகொண்டிருந்தேன். அங்கிருந்த காவலாளி வந்து, "இன்னா மேடம், எதுனா தொலைஞ்சி போச்சா?" என்றான். "இல்லப்பா, மோந்து பாக்கறேன்." "இன்னாத்த?" "நாய்வேளைய." அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய் நின்றுகொண்டான். திரும்பித் திரும்பி வேறு பார்த்தான்.

மூன்று வகை இலைகளையும் மூன்று காலி மாத்திரை டப்பாவில் போட்டு, அடியில் பெயர் எழுதி வீட்டுக்குக் கொண்டுவருவேன். சமையல் மேடையில் கண்ணை மூடிக்கொண்டு டப்பாக்களைக் கலைத்து, ஒன்றைத் திறந்து முகர்ந்து, எது என்று சொல்லி, கண்ணைத் திறந்து பார்ப்பேன். முதலில் எல்லாம் தப்பு. தலைவலி வந்ததுதான் மிச்சம். நாய்வேளை டப்பாவைத் திறந்தால் அடுப்படியே நாறும், ஜன்னலைத் திறந்து வைக்க ஓடுவேன். அப்புறம்தான் உறைக்கும், யாருக்குப் பயந்து ஓடுகிறேன்? கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. சிரிப்பும் வரும், ஜன்னலை ஓங்கிச் சாத்துவேன்.

நாளாக ஆகப் பிடிபட்டது. ஊதா பெரிதாக மணக்காது, வெறும் பச்சைப் புல். நாய்வேளை, வியர்த்த சட்டையை மூன்று நாள் மூட்டை கட்டி வைத்தது மாதிரி. வெள்ளைதான் கடைசிவரை போக்குக் காட்டியது. காரம் இருக்கிறது, எங்கேயோ முகர்ந்த காரம், என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் டப்பாவை மூடப் போனபோது சட்டென்று பிடித்துக்கொண்டேன். அத்தை மாங்காய் ஊறுகாய்க்குக் கடுகு பொடிக்கிற அன்று, உரலடியிலிருந்து எழுந்து வந்து என் கன்னத்தைத் தட்டுவாரே, அந்தக் கையின் வாசனை. அதேதான். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் உள்ளே வந்து, "என்ன, தலை சுத்துதா?" என்றார். "ஒண்ணுமில்ல, போங்க" என்றேன்.

அடுத்த அக்டோபர். அவர் ஈஸிசேரை விட்டு எழவில்லை. "மூக்குதானே இல்ல, காலு இருக்குல்ல? கிளம்புங்க" என்று சாக்குப் பையை அவர் மடியில் போட்டேன். முனகிக்கொண்டே வந்தார். மண்வெட்டிப் பெண்மணி எங்களைப் பார்த்ததும், "இந்த வாட்டியாவது வழிச்சுடவா சார்?" என்று வந்தது. அவர் "ம்" என்றார். "கைய வெச்சே, பாரு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னாமா இது, சார விட நீ மோசமா கீறியே" என்று சொல்லிக்கொண்டு அது நகர்ந்தது.

நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். இலையைக் கிள்ளினேன், நசுக்கினேன், இழுத்தேன். "நாய்" என்றேன். அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். "நாய்... ஊதா... நாய்..." பிடுங்கிப் பிடுங்கிப் பின்னால் நீட்டினேன். அவர் வாங்கி வாங்கிச் சாக்கில் போட்டார். கால்மாட்டிலிருந்து நகர்ந்து நகர்ந்து பாதிக் கல்லறை தாண்டிவிட்டேன். ஒரு வெள்ளைகூட இல்லை. இத்தனை நாள் மோந்து மோந்து கற்றதெல்லாம், இங்கே ஒன்றும் மிச்சமில்லை என்று அவரிடம் சொல்வதற்குத்தானா ஆண்டவரே என்று மனதுக்குள் சண்டை போட்டேன்.

சிலுவைக்குக் கீழே, சுண்ணாம்பு உதிர்ந்த மூலையில் ஒன்று இருந்தது. விரல் உயரம்கூட இல்லை. கிள்ளி முகர்ந்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை முகர்ந்தேன். திரும்பினால், அவர் சாக்கைக் கீழே போட்டுவிட்டு நின்றிருந்தார்.

"என்ன?" என்றார்.

"இதை விடுங்க. இது அத்தையோடது."

"நெஜமாவா? எப்படிச் சொல்ற?"

"அத்தை ஊறுகாய்க்குக் கடுகு பொடிச்சிட்டு வந்து கன்னத்தைத் தட்டுவாங்களே, அந்தக் கை."

அவர் என் விரலில் இருந்த இலையை வாங்கி மூக்கில் வைத்து இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். ஒன்றும் வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இலையைக் கீழே போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னை நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே என்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மஞ்சளாகப் பூத்துவிட்டால் இந்த மனிதரை மறுபடியும் அந்தக் கல்லறை விளிம்பில் எப்படி உட்காரவைப்பேன் என்று அன்றிரவெல்லாம் தூக்கமில்லை.

கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தியும் சாமந்தி மாலையுமாகக் கூட்டம். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே போனார். செடி அப்போது ஒரு சாண் வளர்ந்திருந்தது, பூவுக்கான அடையாளமே இல்லை. மாலை வைக்கும் சாக்கில் அதை யாரும் மிதித்துவிடாமல் நான் குறுக்கே நின்றேன். அவர் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார், செபம் சொன்ன மாதிரியே தெரியவில்லை.

அதற்கப்புறம் நல்ல மழை. இரண்டு வாரம் வெளியே தலை காட்ட முடியவில்லை. மழை விட்ட ஞாயிறு, பூசை முடிந்ததும் நான் ஒன்றும் சொல்லாமலேயே அவர் கல்லறைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். வேகமாக நடந்தார், நான்தான் பின்னால் ஓடினேன். தோட்டத்தில் வேறு யாருமில்லை. காய்ந்த மாலைகள் சகதியில் கிடந்தன.

வெள்ளை. நான்கு இதழ், ஊதா மீசை, விரித்த கை போல ஐந்து இலை. தூரத்திலிருந்தே தெரிந்தது. இதற்கு மூக்கு வேண்டாம், அவருக்கே நன்றாகத் தெரிந்தது.

அவர் மெதுவாகக் குனிந்தார். அடியிலிருந்து ஒரே ஒரு இலையைக் கிள்ளினார், கட்டைவிரலால் நசுக்கினார். தன் மூக்குக்குக் கொண்டுபோகவில்லை. கையை நீட்டி என் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

"எப்படி இருக்கு? அன்னிக்குச் சொன்னியே, இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

சொன்னேன். அவர் கையைக் கீழே இறக்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.